அம்சவள்ளி உயரத்துக்கு ஒரு மேடை

"அம்மாவ வந்து நிக்கச் சொல்லுங்கண்ணா" என்றார் பிச்சைமுத்து மேஸ்திரி.

கந்தசாமி திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒருவர் கேட்டுவிட்டார், திரும்பிப் பார்ப்பதுதான் மரியாதை.

"எந்த அம்மா?"

"வூட்டம்மாதான். மேடைக்கு அளவு எடுக்கணும்ல. அவங்க கைய மடக்கி நின்னாங்கன்னா, முழங்கைக்கு நாலு வெரல் கீழ நூலு புடிச்சி மார்க் பண்ணிடுவேன். அப்புறம் செவுத்துல காடி வெட்டி கடப்பாக்கல்ல சொருவ வேண்டியதுதான்."

"அவ ஊர்ல இல்லப்பா."

"எப்ப வருவாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் கந்தசாமி ஒரு அறையே கட்டிக்கொண்டிருந்தார். 

அம்சவள்ளி பெங்களூரில் இருந்தாள். மகள் எழில்மதியின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார்கள், நின்றது. தவழட்டும் என்றார்கள், தவழ்ந்தது. நடக்கட்டும், பேசட்டும் என்றார்கள். பேத்தி யாழினி எல்லாவற்றையும் காலாகாலத்தில் முடித்து, இப்போது தாத்தாவை "ஹலோ" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டாள். போனை எடுத்தவுடன் அவர் சொல்வது அதைத்தான், ஆகவே அதுதான் அவர் பெயர் என்று முடிவு செய்திருந்தாள். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. அம்சவள்ளி ஊர் திரும்புவது மட்டும் எந்த வகுப்பின் பாடத்திட்டத்திலும் வரவில்லை.

மணலூர்பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டரில், ஆற்றுப் பக்கம், ஒன்றரை ஏக்கர் கரும்பும் ஒரு தளம் போட்ட வீடுமாக கந்தசாமி தனியாக இருந்தார். அவருக்குச் சமைக்கத் தெரிந்தவை மூன்று: சோறு, ரசம், அவித்த முட்டை. ஒருநாள் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பெங்களூர் போன அன்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அம்சவள்ளி சொன்னது ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி சொன்னாள்: "அப்பாடா, அந்த சமையக்கட்டுல இருந்து மூணு மாசம் தப்பிச்சேன்."

அந்தச் சமையற்கட்டைப் பற்றி அவள் அதற்கு முன் சொல்லாததில்லை. ஆறுக்கு ஏழு அடி. ஜன்னல் கிடையாது, புகை போக ஒரு பொந்து. ஃபிரிட்ஜ் கூடத்தில். ஒருத்தி உள்ளே நின்றால் இன்னொருத்தி வாசற்படியில் நின்றுதான் பேச வேண்டும். முப்பத்தோரு வருடம் இவற்றையெல்லாம் கந்தசாமி பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டிருந்தார். விளையாட்டாகச் சொன்ன அந்தக் கடைசி ஒன்றைத்தான், அதுவும் சொல்லி இரண்டு வருடம் கழித்து, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக சீரியஸாக எடுத்துக்கொண்டார். ஓ, அதனால்தான் வரவில்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அன்று ரசத்தில் உப்பு இல்லாதது தெரியவில்லை.

சமையற்கட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டாய் இருந்தது. ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாமல் மாடுகளைப் போன வருடமே விற்றாகிவிட்டது. கொட்டாயையும் சேர்த்து வளைத்து, பழைய சுவரை இடித்து, பதினாலுக்குப் பன்னிரண்டில் புதுச் சமையலறை. ஃபிரிட்ஜுக்கு இடம். மேற்கே பெரிய ஜன்னல். அம்சவள்ளியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் "எதுக்கு? நான்தான் அங்க இல்லியே" என்பாள். அந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதற்காக அவர் எவ்வளவு சிமெண்ட்டையும் கலக்கத் தயாராக இருந்தார்.

"எத்தினி பேருண்ணா வூட்ல?" என்று அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிய அன்றே பிச்சைமுத்து கேட்டார்.

"ரெண்டு பேரு."

மேஸ்திரி கயிற்றைப் பிடித்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து பார்த்தார். சித்தாள் இருசம்மாள் மண்கூடையை இறக்கிவிட்டு, "ரெண்டு பேருக்கா? அடுப்புல இருந்து அரிசி டப்பாவுக்குப் போவ ஷேர் ஆட்டோ வுடணும் போல கீது" என்றாள்.

அதெல்லாம் போன மாதம். இப்போது சுவர் எழும்பி, தளம் போட்டு, பூச்சும் முடிந்து, மேடை ஒன்றுதான் பாக்கி.

"நாளைக்கி நான் ரிஷிவந்தியம் போவணும்ணா" என்றார் பிச்சைமுத்து. "அங்க காம்பவுண்டு சுவரு. நாலு மணிக்குள்ள அளவு சொன்னீங்கன்னா இன்னிக்கே காடி வெட்டிடலாம். இல்லன்னா வந்து பாத்துக்கலாம்."

மேஸ்திரிகள் 'வந்து பாத்துக்கலாம்' என்றால் குறைந்தது இரண்டு அமாவாசை என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. நடுவில் எட்டே நாள்.

"நான் வேணா நிக்கட்டுமா?" என்று இருசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அக்காவும் என் ஒசரம்தான் இருப்பாங்க."

"ஏ, நகரு நீ" என்று மேஸ்திரி பதறினார். "யாரு அளவுக்கு மேடை போடறமோ அவங்கதான் அதுல நின்னு சமைப்பாங்க. எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது. போன வருசம் ஒரு வூட்ல அம்மா இல்லன்னு நாத்தனார நிக்க வச்சி அளவெடுத்தேன். ஒரே மாசம். புருசனோட சண்ட போட்டுக்கினு வந்துச்சு அந்த நாத்தனாரு. இன்னிக்கி வரைக்கும் அங்கதான் ஆக்கிக்கினு கீது. அந்தத் தெரு பக்கமே நான் போறதில்ல."

இருசம்மாள் இரண்டடி பின்னால் போனாள். யாரும் வற்புறுத்தவில்லை.

"சரிண்ணா, அக்கா எவ்ளோ ஒசரம்? அத்த சொல்லுங்க, நான் கணக்குப் பண்ணிக்கறேன்."

கந்தசாமி வாயைத் திறந்தார். திறந்த பிறகுதான் உள்ளே பதில் இல்லை என்பது தெரிந்தது.

முப்பத்தோரு வருடக் குடும்பம். அம்சவள்ளிக்கு எந்தப் பல்லில் வலி, எந்தக் கத்தரிக்காய் பிடிக்காது, தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவாள், எல்லாம் சொல்லிவிடுவார். உயரம் தெரியவில்லை. கடைக்கோ கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ, எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், அவள் பத்தடி பின்னால் வருவாள். பின்னால் வருகிற ஆளின் உயரம் தெரிய, முன்னால் போகிறவர் ஒருமுறையாவது நின்றிருக்க வேண்டும்.

"தோள் வரைக்கும் வருவா" என்றார் உத்தேசமாக.

"தோள் மேலயா, கீழயா?"

"... தோள் கிட்ட."

"அரை அடி வித்தியாசம் வருதுண்ணா. நாலு மணி வரைக்கும் டைம் கீது" என்று பிச்சைமுத்து பீடி பற்ற வைத்தார்.

கந்தசாமி கூடத்துக்குப் போய்க் கல்யாணப் போட்டோவைக் கழற்றினார். அதில் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் இருந்தது, வயது இருந்தது, உயரத்தைப் பற்றி அரசாங்கம் கவலைப்பட்டிருக்கவில்லை. பீரோவைத் திறந்தார். புடவைகள் மடித்தபடி இருந்தன. ஒன்றை உதறிப் பிடித்துப் பார்த்தார். உலகத்தில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் அதே நீளம்தான் என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது. திரும்ப மடிக்கத் தெரியாமல் சுருட்டி உள்ளே வைத்தார்.

அப்போதுதான் அந்த எண்ணெய்க் கறை நினைவுக்கு வந்தது. பழைய சமையற்கட்டில், வாசலை ஒட்டிய சுவரில், உலை கொதிக்கும்வரை அவள் தலையைச் சாய்த்து நிற்பாள். தினமும் ஒரே இடம். வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு சாசர் அளவுக்குப் பழுப்பு வட்டம். எழில்மதி சின்ன வயதில் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து உதை வாங்கியிருக்கிறாள். அந்த வட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அம்சவள்ளி.

சுவரை இடித்துப் பின்பக்கம் கொட்டியிருந்தார்கள். கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்மேட்டில் ஏறினார். கல் கல்லாகப் புரட்டினார். இருசம்மாள் இரண்டு தடவை "இன்னா தேடறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தானும் சேர்ந்து தேடினாள். எதைத் தேடுகிறோம் என்பது தெரியாமலே அவள் நிறைய எடுத்துக் கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பூச்சுப் பெயர்ப்பு. ஒரு பக்கம் பழுப்பு. முகர்ந்து பார்த்தார், தேங்காயெண்ணெய். சந்தேகமே இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டின்மேல் நின்றார். இது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று யோசித்தார். தரையும் அதே மேட்டில்தான் எங்கோ துண்டு துண்டாகக் கிடந்தது.

மணி மூன்று. வேறு வழியில்லாமல் போனைப் போட்டார்.

அம்சவள்ளிக்கு வீடியோ காலில் போனைப் பிடிக்க இன்றுவரை வரவில்லை. மடியில் வைத்துக் குனிந்து பேசுவாள். திரையின் அடியில் அவள் நெற்றி, பொட்டு. அதற்குமேல் முழுக்க மகள் வீட்டு சீலிங் ஃபேன். இரண்டரை வருடமாக கந்தசாமி ஒரு நெற்றியோடும் ஒரு ஃபேனோடும்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஃபேனில் ஒரு றெக்கை லேசாக வளைந்திருப்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

"இன்னாங்க இந்நேரத்துல? சாப்டீங்களா?"

"ஆச்சி. கொஞ்சம் எழுந்து நில்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நின்னுகினுதான் கீறேன். போன கட்டில்ல வச்சிட்டு துணி மடிச்சிகினு கீறேன்." ஃபேன் சுற்றியது. "அங்க இன்னா டங்கு டங்குனு சத்தம்?"

"பக்கத்துல வேலை நடக்குது. அம்சா, நீ இன்னா ஒசரம்?"

போனில் சிறிது நேரம் வளைந்த றெக்கை மட்டும் தெரிந்தது.

"வயசான காலத்துல எனக்கு மாப்ள பாக்கறீங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"கண்ணாலம் பண்ணும்போது கேக்க வேண்டியத இப்பக் கேக்கறீங்க" என்று சிரித்தாள். அதற்குள் "ஹலோ! ஹலோ!" என்று பேத்தி பாய்ந்து போனைப் பிடுங்க, திரை முழுக்க ஒரு மூக்குத் துவாரம் வந்தது. அதோடு இணைப்பு போய்விட்டது.

மூன்றே முக்காலுக்குப் பிச்சைமுத்து பீடியை மிதித்துவிட்டு எழுந்தார். "இன்னாண்ணா முடிவு?"

"நானே நிக்கறேன்" என்றார் கந்தசாமி.

"நீங்களா?"

"அவ ஒசரத்துக்குக் குனிஞ்சி நிக்கறேன். நீ நூலப் புடி."

இருசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கந்தசாமி சுவரோரம் போய் நின்று, முழங்கால்களை மடக்கி, அடுப்பு முன்னால் நிற்கும் பெண்மணியைப்போல் முழங்கையையும் மடக்கிக்கொண்டார். கண்ணை மூடி, அம்சவள்ளி பக்கத்தில் நிற்பதாக நினைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறங்கினார். இதுதான். இதேதான். சரியாக வந்துவிட்டது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றிய அந்த நிமிடத்தில் மேஸ்திரி, "ஆங், அப்டியே ஆடாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு பென்சிலைத் தேடப் போனார்.

பென்சில் காதில் இருந்தது. அது தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நூல் சிக்கல் விழுந்திருந்தது. பிறகு ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வர மறுத்தது. கந்தசாமிக்கு ஐம்பத்தொன்பது வயது. முட்டி இரண்டும் வருடக்கணக்காகக் கரும்பு வெட்டியவை. அவை யாரையும் கேட்காமல், மயிரிழை மயிரிழையாக, அவரை மேலே தூக்கிக்கொண்டே இருந்தன. கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேஸ்திரிக்கும் தெரியவில்லை. இருசம்மாளுக்குத் தெரிந்தது. ஆனால் அளவு விஷயத்தில் வாய் திறப்பதில்லை என்று அவள் கொஞ்சம் முன்புதான் முடிவெடுத்திருந்தாள்.

"முடிஞ்சிது" என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை, போகிற வழியில் வந்து பிச்சைமுத்து கல்லைச் சொருகிவிட்டுப் போனார். பளபளவென்று கறுப்புக் கல். அன்று மாலை கந்தசாமி மீண்டும் போன் செய்தார். "வூட்ல ஒரு விசேஷம் கீது. வெள்ளிக்கெழம. ரெண்டு நாள் வந்துட்டு..." என்றவர், அதற்குமேல் வரவேண்டிய சொல்லை விழுங்கிவிட்டார்.

"இன்னா விசேஷம்?"

"வந்து பாரு."

மாப்பிள்ளை வெற்றிவேல் இரண்டு நாள் லீவு போட்டு குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வியாழன் சாயங்காலம் அம்சவள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஸ்டாப்பிலிருந்து வீடுவரை கந்தசாமி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவள் பத்தடி பின்னால் வந்தாள். பாதி வழியில் அவருக்கு ஏதோ தோன்றி நின்றார். அவளும் நின்றுவிட்டாள்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. கிட்ட வா."

"பை கனமா கீதா?" என்று கேட்டு ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பையின் ஆளுக்கொரு காதோடு நடந்தார்கள். நடுவில் பை இருந்ததால் உயரம் அப்போதும் சரியாகப் பிடிபடவில்லை.

கூடத்தைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றாள். பழைய வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை, அதைவிடப் பெரிய திறப்பு. அதற்கப்பால் பதினாலுக்குப் பன்னிரண்டு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஃபிரிட்ஜைத் தொட்டாள். மேற்கு ஜன்னல் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் மழை பெய்து வானம் கழுவி விட்டிருந்தது. கரும்புக்கு மேலே, தூரத்தில், கல்வராயன் மலை நீலமாகக் கோடு போட்டிருந்தது.

"மலை தெரியுது" என்றாள்.

"ம்."

"முப்பத்தோரு வருசம் இதுக்கு முதுகு காட்டிக்கினு ஆக்கியிருக்கேன்."

கந்தசாமிக்கு வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றியது. இனி அவள் போக மாட்டாள். அன்று இரவுக்கு ஓட்டலில் வாங்கி வைத்திருந்த பரோட்டாவை அவர் இரண்டு கூடுதலாகத் தின்றார்.

வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டு ஜெயம்மாளும் தெருவில் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். அம்சவள்ளி புதுப்புடவை கட்டி, பால் பாத்திரத்தோடு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

மேடை அவளுடைய முழங்கையைத் தாண்டி, கிட்டத்தட்ட கக்கம்வரை வந்தது.

அவள் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, பரணில் சாமான் ஏற்றுவதுபோல அடுப்பின் மேல் வைத்தாள். கைகள் றெக்கைபோல விரிந்து நின்றன. உள்ளே பால் என்ன ஆகிறது என்பது தெரியவில்லை. குதிகாலைத் தூக்கினாள், அப்போதும் தெரியவில்லை. கடைசியில் பால் பொங்கி வழிந்து கல்லில் ஓடிக் கீழே சொட்டியபோதுதான் பொங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"இன்னாடி அம்சா" என்றாள் ஜெயம்மாள். "புருசன் ஆசையா கட்டனாருன்னு பாத்தா, நீ ஏறி நின்னு ஆக்க ஏணி ஒண்ணு கட்டாம வுட்டுட்டாரு போல கீதே!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள். கந்தசாமி ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு அம்சவள்ளி கூடத்து மூலையில் துழாவி, சாப்பிட உட்காரும் பழைய பலகையைக் கண்டெடுத்து வந்தாள். மேடைக்கு முன்னால் போட்டாள். கீழே பார்க்காமலே ஏறினாள், கீழே பார்க்காமலே இறங்கி அரிசி எடுத்தாள், மறுபடி ஏறினாள். ஒருமுறைகூடக் கால் தடுமாறவில்லை. பல நாள் பழக்கம் உள்ளவள்போல இருந்தது.

"வுழுந்து வச்சிடப் போற" என்றார்.

"அங்கயும் இப்டித்தான். மதி வூட்டு மேடை யார் ஒசரத்துக்குக் கட்டனதோ. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு போட்டுக்கினு அதும்மேலதான் தெனம் நிக்கறேன்." பருப்பைக் களைந்தாள். "ஒருக்கா வழுக்கி வுழுந்துட்டேன். இடுப்புல நல்ல அடி."

"சொல்லவே இல்ல."

"போன்ல இன்னாத்த சொல்றது? நீங்க ஃபேனுல றெக்க வளைஞ்சிகினு கீதுன்னு சொல்லிகினு இருந்தீங்க."

கந்தசாமி கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இதப் பேத்து எறக்கிடலாம். மேஸ்திரிகிட்ட சொல்றேன். ஒரே நாள் வேலை" என்றார்.

அவள் பலகையிலிருந்து இறங்கினாள். "நீங்க இப்டி வந்து நில்லுங்க."

வந்து நின்றார். கை தானாக மேடைமேல் போய் உட்கார்ந்தது. முதுகு வளையவில்லை, தோள் தூக்கவில்லை. முழங்கைக்குச் சரியாக நாலு விரல் கீழே கல்.

"உங்களுக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி கீது" என்றாள்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். நூல், நாத்தனார், கல்யாணப் போட்டோ, புடவை, மண்மேடு, கடைசியில் குனிந்து நின்றதுவரை. அம்சவள்ளி சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முட்டி இன்னும் நோவுதா?" என்றாள்.

"இல்ல."

"தைலம் கீதா?"

"கீது."

"மதிக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி. "ரெண்டாவது. நேர்ல சொல்லலாம்னுதான் போன்ல சொல்லல."

நல்ல சேதிதான். கந்தசாமி "அப்டியா, நல்லது, நல்லது" என்று இரண்டு தடவை சொன்னார். சொல்லிக்கொண்டே மனதுக்குள், தலை நிற்கணும், தவழணும், நடக்கணும், பேசணும் என்று முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

"மேடைய எறக்கறத பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள் அம்சவள்ளி. கந்தசாமி அதில் 'அப்புறம்' என்பதைப் பிடித்துக்கொண்டார். இடிக்காதே என்று சொல்லவில்லையே. அப்படியானால் யோசிக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தவர், சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அம்சவள்ளி பலகைமேல் ஏறி, குதிகாலைத் தூக்கி, கையை முடிந்தவரை நீட்டி, மேல்தட்டில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். உப்பு, புளி, மிளகாய்த்தூள், துவரம்பருப்பு, கடுகு. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டி, கோணல் எழுத்தில் பெயர் எழுதியிருந்தாள்.

"கீழ அலமாரி காலியாத்தானே கீது? அங்க வையேன். உனக்கு எட்டாதே" என்று சொல்ல வாயெடுத்தார்.

தட்டு சரியாக அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவள் கடுகு டப்பாவை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள். அவர் சத்தம் போடாமல் பின்வாசல் வழியே மறுபடி வயலுக்குப் போனார். தண்ணீர் ஏற்கெனவே நன்றாகத்தான் பாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, "ஒரு நிமிசம் இங்க வந்து நில்லு" என்றார். சமையலறைத் திறப்பின் ஓரத்தில், புதுப் பூச்சுச் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்தார். பிச்சைமுத்து மறந்து வைத்துவிட்டுப் போன பென்சில் ஜன்னலில் இருந்தது.

"ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு எடுக்கற மாதிரி இன்னா இது?"

"தலைய தூக்காத. நேரா நில்லு."

உச்சந்தலைக்கு நேராகக் கோடு போட்டார். அவள் நகர்ந்த பிறகு பக்கத்தில் நின்று பார்த்தார். தோள் வரைக்கும் இல்லை. தோளுக்கு நன்றாகவே கீழே.

"இவ்ளோதானா நீ?" என்றார்.

"இவ்ளோதான்" என்றாள் அம்சவள்ளி.

ஸ்டாப்புக்குப் போகும்போது அவர் பத்தடி முன்னால் போகவில்லை. அவளுக்கு அது பழக்கமில்லாததால் அடிக்கடி இடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, உலை வைத்தார். பலகை மேடைக்கு முன்னால் அப்படியே கிடந்தது. எடுத்து ஓரமாக வைக்கலாம். வைக்கவில்லை. அதற்கு இந்தப் பக்கமாக நின்று, எட்டி, அடுப்பைப் பற்ற வைத்தார். மேல்தட்டிலிருந்து புளி டப்பா குனியாமல், நிமிராமல் கைக்கு வந்தது. அறை அவ்வளவு பெரியதாக இருந்ததால் கரண்டி விழுந்த சத்தம் நான்கு சுவரையும் சுற்றி வந்து திரும்ப அவரிடமே சேர்ந்தது.

மறுநாள் மணலூர்பேட்டையிலிருந்து போன் மாட்டும் பிளாஸ்டிக் கூடு ஒன்று வாங்கி வந்தார். பென்சில் கோட்டுக்கு ஒரு சாண் கீழே ஆணி அடித்து மாட்டினார். சரியான இடம் வர மூன்று ஆணி ஆயிற்று. போனை அதில் நிறுத்தி அம்சவள்ளியைக் கூப்பிட்டார்.

நெற்றி வந்தது. பொட்டு வந்தது. அதற்குமேல் ஃபேன். நெற்றி இப்போது அது இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

"இன்னா கொழம்பு?" என்றாள்.

"புளிக்கொழம்பு. நீ எழுதி வச்சத பாத்துத்தான் போட்டேன்."

"போன எங்கங்க வச்சிகினு கீறீங்க? தலையவே காணோம். சட்டப் பித்தான்தான் தெரியுது."

"இரு" என்றார் கந்தசாமி.

சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக முழங்காலை மடக்கிக் கீழே இறங்கினார்.

"இப்ப?"

"இப்ப தெரியுது" என்றாள். "சொல்லுங்க."

முட்டி வலிக்க ஆரம்பித்தது. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கரும்புக்கு உரம் வைத்தது, ஜெயம்மாள் வீட்டு ஆடு குட்டி போட்டது, மேகம் மூடி மலை தெரியாமல் போனது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றார்.